முதலில் வளையல், பிறகு கடிகாரம்

திருட்டுப் போனது ஒரு திட்டு. நகை கிடையாது, பத்திரம் கிடையாது. முழுசாக அரை மணி நேரம், ஒரு பெண்டாட்டி தன் புருஷனைத் திட்டிய திட்டு.

“எங்க வீட்டுல இது தினமும் நேரடி ஒலிபரப்பு,” என்றேன். “வேணும்னா ஒரு டஜன் பதிஞ்சு தரேன்.”

அண்ணி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. இருபத்திரண்டு வருஷம் தொலைபேசி நிலையத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று மூச்சை வைத்தே கண்டுபிடித்தவள். இப்போது வீட்டு முன்னறையில் மேசை போட்டுத் துப்பறிகிறாள். நான் உதவியாளன். நாற்பத்தொரு வயதில் வேலை போனவனுக்கு மரியாதையாகச் சோறு போட ஏதாவது ஒரு பதவி வேண்டுமே, அதற்காக உண்டானது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்ற லாரி டிரைவர். மடிப்புக் கலையாத சட்டை. இரண்டு கையாலும் ஒரு பழைய கேசட்டைப் பிடித்திருந்தார்.

“மேசையில வைங்க, பாக்கறேன்,” என்றாள் அண்ணி.

அவர் வைக்கவில்லை. அண்ணியின் கையில்தான் கொடுத்தார். “இது என்னோடது இல்ல, எவனோ அச்சு அசலா அதே மாதிரி செஞ்சு மாத்தி வச்சதுதான். ஆனா கீழ வைக்க மனசு வர மாட்டேங்குது. பழக்கம்மா.”

“என்ன இருந்துச்சு அதுல?”

“அவ குரல். நான் ராத்திரி பகல் பாக்காம லாரி ஓட்டுனவன். கண் அசந்தா போச்சு. அதுக்காக இவ என்னைத் திட்டி ஒரு கேசட் பதிஞ்சு குடுத்தா. தூக்கம் வந்தா போட்டுக்கோன்னா. நான் இன்னிக்கு உயிரோட உக்காந்திருக்கேன்னா அந்தத் திட்டுதான் காரணம்.”

“அவங்க?”

“அவ போய் ஒன்பது வருஷம் ஆச்சு. போட்டோ நிறைய இருக்கு. குரல் இது ஒண்ணுலதான் இருந்துச்சு. வேற எங்கயும் இல்ல.” அண்ணியின் கையிலிருந்த கேசட்டைப் பார்த்தார். “எடுத்தவனை ஜெயில்ல எல்லாம் போட வேணாம். டேப்பை வாங்கிக் குடுத்துடுங்க, போதும்.”

கேசட் எங்கே இருந்தது என்று கேட்டதற்கு ஒரு கடையைச் சொன்னார். பாட்டுக் கேட்கும் மெஷின் விற்கும் கடை. சாதாரணக் கடை இல்லை. விலையைக் கேட்டவுடன் உட்கார நாற்காலி தேவைப்படும் கடை. டிரைவர் எட்டு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் அங்கே போய், ஊரிலேயே நல்ல மெஷினில் அந்தத் திட்டைக் கேட்டுவிட்டு வருவாராம். போன சனிக்கிழமை போட்டபோது வெறும் இரைச்சல்.

“இன்னிக்கும் சனிக்கிழமைதான்,” என்றாள் அண்ணி எழுந்தபடி. “நாங்க முன்னாடி போறோம். நீங்க எப்பவும் வர நேரத்துக்கு வாங்க.”

*

டயர் கடைக்கு மேல் மாடி. போர்டு இல்லை. படியேறிக் கதவைத் தள்ளினால் ரப்பர் வாடை சட்டென்று நின்று, மர வாடை வந்தது. கடைக்காரர் ஒல்லியாக, சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு நின்றார். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘அவசரமில்லை’. ஏன் என்று அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

“இது என்ன விலை?” என்று ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினேன்.

“அவசரமில்ல. முதல்ல கேளுங்க. அடுத்த வாரம் வந்து இன்னொரு வாட்டி கேளுங்க. மூணாவது வாட்டியும் பிடிச்சிருந்தா விலை சொல்றேன்.”

“அதுக்குள்ள எனக்கு வயசாயிடுமே.”

“ஆகட்டும். வயசான காதுக்குச் சின்ன மெஷினே போதும்.”

எனக்கு அந்த ஆளைப் பிடித்துப் போயிற்று. வந்தவனை விரட்டாமல், வாங்காதே என்று சொல்லி விற்கிற கடைக்காரனை நான் அதுவரை பார்த்ததில்லை. இப்படி ஒரு கடை எல்லாத் தொழிலுக்கும் இருந்தால் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

சுவரோரம் இருபத்து நாலு மரப்பெட்டிகள், மூடி மட்டும் போட்டு வரிசையாக இருந்தன.

“அவங்கவங்க காதுக்குப் பழகின சத்தம் ஒண்ணு இங்க வச்சுக்குவாங்க,” என்றார் கடைக்காரர். “எந்த மெஷினைப் பரிசோதிச்சாலும் அதைப் போட்டுத்தான் கேக்கணும். ஒருத்தர் தகரத்துல மழை விழற சத்தம் வச்சிருக்கார். ஒரு பல் டாக்டர் அவர் பொண்ணு முதல் நாள் வயலின் வாசிச்சதை வச்சிருக்கார். காது கிழியும். ஆனா அதுலயே அவருக்குக் கண்ணு கலங்குச்சுன்னா அது நல்ல மெஷின்.”

“பூட்டு எங்க?” என்றாள் அண்ணி.

“பூட்டு போட்டா நம்பாத மாதிரி ஆயிடும்மா. இங்க மூணு கட்டுப்பாடு. ஒருத்தர் பெட்டியை இன்னொருத்தர் தொடக் கூடாது. கொண்டுவந்ததை யாரும் நகல் எடுக்கக் கூடாது. உள்ள ஒருத்தர் கேக்கும்போது வேற யாரும் கூட நிக்கக் கூடாது.”

“நின்னா என்ன?” என்றேன்.

“அழ வேண்டிய இடத்துல இருமுவாங்க.”

கேட்கும் அறையைத் திறந்து காட்டினார். சுவரெல்லாம் கனமான திரை. நடுவில் ஒரே ஒரு சோபா, ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். கை தட்டிப் பார்த்தேன். சத்தம் கையோடு நின்றுவிட்டது. ஜன்னலோரம் கேசட் மெஷின். அதிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, மூலையில் பச்சை வெல்வெட் போட்ட ஒரு முக்காலி, வகுப்பில் தப்புச் செய்த பையன் மாதிரி தனியாக நின்றது.

“அது எதுக்கு?” என்றாள் அண்ணி.

“டேப்பு வைக்க. மெஷினைச் சுத்தம் பண்ற நேரத்துல டேப்பு அங்கதான் இருக்கணும்.”

“எத்தனை வருஷமா இருக்கு?”

“கடை ஆரம்பிச்சதிலேருந்து. இப்ப கேசட்டு போடறது டிரைவர் ஒருத்தர்தான்.”

அண்ணி குனிந்து வெல்வெட்டை விரலால் தடவினாள். சோபாவின் வெல்வெட் டிரைவர் உட்காரும் இடத்தில் வழுக்கையாகியிருந்தது. முக்காலி வெல்வெட் நேற்று வாங்கியது போல் நிமிர்ந்து நின்றது.

*

கேசட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். ஐந்து குட்டி ஸ்க்ரூ, ஐந்தின் தலையிலும் சிவப்பு நகப்பூச்சு.

“டிரைவர் சொன்னாரே, ஒரு தடவை டேப்பு சிக்கி இதைக் கழட்டியிருக்கார். ஒரு ஸ்க்ரூ தொலைஞ்சு வேற ஒண்ணு போட்டாராம். இனிமே கை வைக்காதேன்னு அந்தம்மா நகப்பூச்சு போட்டு அடைச்சுட்டாங்களாம்,” என்றாள். “பூச்சுல விரிசல் இல்ல. ஒரு ஸ்க்ரூ மட்டும் வேற ரகம். சிக்கின இடத்துல டேப்பு கசங்கியும் இருக்கு.”

“அப்ப மாத்தவே இல்லையா?”

“மாத்தல தம்பி. இது அதே டேப்பு. அதே டேப்பு, குரல் மட்டும் இல்ல.”

எனக்கு உடனே ஒரு யோசனை உதித்தது. டிரைவருக்கு ஒரு மகள். அப்பாவுக்கும் மகளுக்கும் இந்தக் கேசட்டை வைத்து வாக்குவாதம் நடந்தது என்று அவரே சொல்லியிருந்தார். “பொண்ணு வேலைதான் அண்ணி. கோவத்துல அழிச்சிருக்கும்.”

அண்ணி போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மகள் பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் சத்தத்தோடு பேசினாள்.

“நான் அந்தக் கடைப் படி ஏறினதே இல்லைங்க. ஒரே ஒரு வாட்டி போன்ல பதிஞ்சுக்கறேன்ப்பான்னு கெஞ்சினேன். முடியவே முடியாதுன்னுட்டார். நகல் எடுத்தா அம்மா பாதிதான் வருவாளாம். என் பொண்ணுக்கு ஆறு வயசு. அது பாட்டி குரலைக் கேட்டதே இல்ல.” தையல் மெஷின் சத்தம் தள்ளிப் போயிற்று. “கிடைச்சா முதல்ல எனக்குச் சொல்லுங்க. இந்த வாட்டி சண்டை போட்டாவது பதிஞ்சுடறேன்.”

போன் அணைந்தது. அண்ணி என்னைப் பார்த்து, “கோவமா இருக்கா பொண்ணு?” என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். எனக்கு என் மேல்தான் கோபம் வந்தது.

டிரைவரின் மரப்பெட்டியில் கேசட் இருந்த இடத்துக்கு அடியில் ஒரு நோட்டு கிடந்தது. இங்கே ஒவ்வொருவரும் அன்றன்றைக்குக் கேட்டதைக் குறித்து வைப்பார்களாம். டிரைவர் தினம் டீசல் கணக்கு எழுதிய பழக்கம் போலிருக்கிறது, ஒரு சனிக்கிழமைகூட விடவில்லை. அண்ணி அங்கங்கே புரட்டி வாசித்தாள்.

முதல் வருஷம்: ‘வளையல் நாலு தடவை. பின்னால் சுவர்க் கடிகாரம் விடாமல். குழாய் சொட்டுகிறது. சோம்பேறி என்று சொல்லும்போது பல்லில் காற்று.’

இரண்டாம் வருஷம்: ‘வளையல் ஒரு தடவைதான். மெஷின் பத்தாது.’

நாலாம் வருஷம்: ‘வளையல் இல்லை. குழாய் இல்லை. ஸ்பீக்கர் மாற்றிப் பார்க்க வேண்டும்.’

ஆறாம் வருஷம்: ‘கடிகாரம் நின்றுவிட்டது.’

ஏழாம் வருஷம்: ‘போர்வைக்குள்ளிருந்து பேசுகிறாள். புது ஆம்ப்ளிஃபயர் வந்தால் சரியாகும்.’

போன மாதம்: ‘குரல் இருக்கிறது. என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும் என்பதால் புரிகிறது.’

போன சனிக்கிழமை ஒரே வரி: ‘இது என் டேப் இல்லை.’

“அண்ணி, இவன் என்ன திருடன்?” என்றேன். “தவணையில திருடியிருக்கான். முதல்ல வளையலு, அப்புறம் குழாய், அப்புறம் கடிகாரம். வீட்டைக் காலி பண்ற மாதிரி சாமான் சாமானா எடுத்துட்டு, கடைசியில ஆளைத் தூக்கியிருக்கான்.”

“சரியாச் சொன்னே,” என்றாள். அவள் என்னைப் பாராட்டினால் நிலைமை மோசம் என்று அர்த்தம். “எட்டு வருஷம். சனிக்கிழமை சனிக்கிழமையா.”

கடைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். “மங்குது மங்குதுன்னு சொன்னார்மா. நாலு வாட்டி நல்ல மெஷினா மாத்திக் குடுத்தேன். பழைய டேப்பு, தேயத்தான் செய்யும்னு நெனச்சேன். அதை எப்படி அவர்கிட்ட சொல்றது?”

“மெஷினைச் சுத்தம் பண்றது யாரு?”

“அவரேதான். நான் ஒரு தடவை சொல்லிக் குடுத்தேன். என்னை விட நல்லாப் பண்ணுவார்னு நெனக்கறேன்.”

“நெனக்கறீங்களா? பாத்ததில்லையா?”

“உள்ள ஒருத்தர் இருக்கும்போது நான் போறதில்லையே,” என்றார். அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

*

“இன்னிக்கு மட்டும் நாங்க கூட நிக்கறோம்,” என்றாள் அண்ணி. “வாராவாரம் எப்படிப் போடுவீங்களோ, ஒண்ணு விடாம அப்படியே போட்டுக் காட்டுங்க. இது உங்க டேப்புன்னே நெனச்சுக்கோங்க.”

டிரைவருக்குக் கூச்சம். இருந்தாலும் கைகளைக் கழுவி, துடைத்து, அண்ணியிடமிருந்து கேசட்டை வாங்கிக்கொண்டு அறைக்குள் வந்தார். கடைக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டார். எட்டு வருஷத்தில் அந்த அறைக்குள் டிரைவரை ஒருவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மெஷினை அணைத்தார். மூடியைத் திறந்தார். பைக்குள்ளிருந்து ஒரு பொருளை எடுத்தார். தடிப் பேனா மாதிரி, பின்னால் வயர், முனை வளைந்திருந்தது.

“ஹெட்டைத் துடைக்கற பேனா,” என்று எங்களுக்கு விளக்கினார். டேப்பைத் தொட்டுப் படிக்கிற பாகம்தான் ஹெட். அதில் நாளாக ஆகக் காந்தம் ஏறிவிடுமாம்; ஏறினால் குரல் மங்குமாம்; இந்தப் பேனா அதை இறக்கிவிடுமாம். “இங்க இருக்கறது சின்னது. குரல் ரொம்ப மங்கிப் போச்சேன்னு போன வாரம் வேற இடத்துல பெருசா ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். மூணு மடங்கு பவரு.” குரலைத் தாழ்த்தினார். “அவர்கிட்ட சொல்லிடாதீங்க. வேற கடைக்குப் போனேன்னு வருத்தப்படுவார்.”

வாசலில் நின்றவருக்கு எல்லாம் கேட்டது.

டிரைவர் பேனாவை வலது கையில் எடுத்தார். ஒரு அடி தூரத்தில் ஓடவிட்டு, மெல்ல மெல்ல ஹெட்டின் பக்கம் கொண்டுபோனார். கண்ணுக்கு மருந்து விடுகிற டாக்டர்கூட அவ்வளவு பதமாகச் செய்ய மாட்டார். குனிந்தபோது சாய்ந்துகொள்ள இடது கையை மெஷின் மேல் ஊன்றினார்.

அந்த இடது கையில் கேசட் இருந்தது.

அவர் அதைக் கீழே வைக்கவே இல்லை. முக்காலியில் வைக்கவில்லை, சோபாவில் வைக்கவில்லை. தூசி படும் என்றோ, தவறி விழும் என்றோ இல்லை. அது அவள். அவளைப் போய் எங்கே வைப்பார்? பேனா முனைக்கும் கேசட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. பேனா உறுமிக்கொண்டே மூன்று நிமிஷம் ஓடியது.

கடைக்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அண்ணியின் கை தடுப்பதற்காக எழும்பி, பாதியில் இறங்கியது. தடுத்து என்ன ஆகப் போகிறது?

“அவ்வளவுதான்,” என்று டிரைவர் நிமிர்ந்தார். “ஒரு வாரம்கூட இதை நான் தவற விட்டதில்ல.”

கேசட்டைப் போட்டுவிட்டு சோபாவில் போய் உட்கார்ந்தார். ஆள் உயர ஸ்பீக்கர்கள் இரண்டிலிருந்தும் ‘உஸ்’ என்ற இரைச்சல் வந்தது, அவ்வளவு சுத்தமாக. அவர் அரை மணி நேரமும் கேட்பார் போலிருந்தது. நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

“டேப்புல பதிஞ்சிருக்கறதும் காந்தம்தாம்மா,” என்றார் கடைக்காரர். “பேனா கிட்டப் போனா அதையும் துடைச்சுடும். மெல்லிசான சத்தம் முதல்ல போகும், வளையல் மாதிரி. அதனாலதான் அந்த முக்காலி. டேப்பை அங்க வைங்கன்னு சொன்னேன், ஏன்னு சொல்லலை. ஒரு தடவை, ஒரே தடவை உள்ள நின்னு பாத்திருந்தேன்னா...”

“திரும்ப எடுக்க வழி?” என்றேன். எப்போதும் ஏதாவது கிண்டல் வரும் வாயில் அப்போது அது மட்டும்தான் வந்தது.

“இல்ல. எவ்வளவு பெரிய மெஷினாலயும் முடியாது. இல்லாததை எந்த மெஷினும் பாடாது.”

“ஒரு நகல் இருந்திருந்தா...” என்றாள் அண்ணி.

“நான்தானே எடுக்கக் கூடாதுன்னு போட்டேன்,” என்றார். சுவரில் அவர் கையாலேயே அழகாக எழுதி மாட்டிய மூன்று கட்டுப்பாடுகளும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஊரிலேயே நல்ல கடை. அந்த நல்லதெல்லாம் சேர்ந்துதான் அந்தம்மாவின் குரலைக் காப்பாற்றாமல் விட்டிருக்கிறது.

அவர் திடீரென்று அண்ணியின் பக்கம் திரும்பினார். “நான்தான் அழிச்சேன்னு சொல்லிடுங்கம்மா. கை தவறிடுச்சுன்னு. என்னைத் திட்டட்டும்.”

“சொல்லலாம்,” என்றாள் அண்ணி. “அடுத்த சனிக்கிழமை அவர் எங்க போவார்?”

கடைக்காரர் சாத்திய கதவைப் பார்த்தார்.

“உண்மைன்னு ஒண்ணு இருக்கே அண்ணி,” என்றேன் மெதுவாக.

“இருக்கு. சொன்னா மிச்ச நாள் பூரா அந்த இடது கையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பார். அதை நாம மூணு பேர் வச்சுக்குவோம் தம்பி. நமக்குக் கனக்காது.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கனக்காது என்று சொன்னவள் மூச்சை நானே கவனித்தேன். அது பொய்.

*

கதவு திறந்தது. டிரைவர் கேசட்டோடு வெளியே வந்து எங்கள் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கண்டுபிடிக்க முடியலைங்க,” என்றாள் அண்ணி. பதினாறு கேஸில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. “பாக்காத இடமில்ல. ஆளைப் பிடிக்க முடியாது. மன்னிச்சுடுங்க.”

டிரைவர் தலையாட்டினார். “நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்.” கையிலிருந்த கேசட்டைக் கடைக்காரரிடம் நீட்டினார். “இது எவனோடதோ. தேடி வந்தா குடுத்துடுங்க.”

நகப்பூச்சு போட்ட கேசட்டைக் கடைக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“பொண்ணுக்கு நானே சொல்லிக்கறேன்,” என்று டிரைவர் செருப்பை மாட்டினார். இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

“எடுத்தவன் தூக்கிப் போட்டிருக்க மாட்டான்ல?”

“மாட்டான்,” என்றாள் அண்ணி. “பத்திரமா வச்சிருப்பான்.”

“அதான். இங்க வந்து எடுத்தவன்னா விஷயம் தெரிஞ்சவனாத்தான் இருப்பான். வீட்டுல நல்ல மெஷின் வச்சிருப்பான்.” கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே யோசித்தார். “ஒரே ஒரு கவலைதான்மா. போடறதுக்கு முன்னாடி ஹெட்டைத் துடைக்கணும்னு அவனுக்குத் தெரியுமா? துடைக்காமப் போட்டா அவ குரல் கெட்டுப் போயிடுமே.”



“தெரியும்ங்க,” என்றாள் அண்ணி.

“அப்பச் சரி,” என்று சொல்லிவிட்டு டிரைவர் படி இறங்கினார்.